மூன்றாம் ஓலை

ஏப்ரல் 26, வெள்ளி

ஆக, நான் தட்டைத்தான் பார்த்தேன் ஆண்டவரே, நெற்றியைப் பார்க்கவில்லை. காலையிலிருந்து இதையே ஒவ்வொருத்தியிடமும் போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. ஒருத்தியும் நம்பவில்லை. நீராவது நம்பும்.

நடந்தது உமக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். அப்பா உபதேசியாராக இருந்தவர். ஜெபத்தை எழுதி வைத்தால்தான் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று பிற்பாடு பார்க்கலாம் என்று சின்னதிலேயே பழக்கிவிட்டார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. இந்தப் பழக்கம் நிற்கவில்லை.

பெனிட்டா கல்யாணத்தில் படம் காட்ட வேண்டுமாம். பொண்ணு மாப்பிள்ளை பிறந்ததிலிருந்து உள்ள போட்டோவை எல்லாம் சேர்த்து, பாட்டுப் போட்டுத் திரையில் ஓட்டுகிறார்களே, அது. அவள் அப்பா, என் தம்பி லிவிங்ஸ்டன், பட்டாளத்தில் கர்னல். ஊரில் எல்லாருடைய கல்யாண ஆல்பத்திலும் அவன் இருக்கிறான், அவனிடம் அவன் போட்டோ ஒன்று கிடையாது. அதனால் இந்தப் பிள்ளை, அவனோடு வேலை பார்த்து ரிட்டயர்டு ஆன கோவில்பட்டி சுபேதார் முக்காண்டியிடம் கேட்டிருக்கிறாள். அவர் பத்து வருஷத்துக்கு முந்திய போட்டோ ஒன்றை அனுப்பினார். அவள் எனக்கு அனுப்பினாள்.

சுற்றிப் பனி. தகரக் கொட்டகை. லிவி யூனிபாரத்தில் இரண்டு கையாலும் ஒரு தட்டைப் பிடித்திருக்கிறான். எதிரே பையன்கள் வரிசையாகத் தலைகுனிந்து நிற்கிறார்கள். ஒருத்தன் தட்டுக்கு மேலே கையை நீட்டுகிறான். கண்ணாடி வேறு போடவில்லை. நான் என்ன நினைப்பேன்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கை எடுக்கிறான் என்றுதான் நினைத்தேன். சந்தோஷத்தில் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன். "என் தம்பி பட்டாளத்திலும் காணிக்கை எடுக்கிறான், கர்த்தருக்கே மகிமை" என்று எழுதியும் போட்டேன்.

ரூபவதிதான் முதலில் கூப்பிட்டாள். "எக்கா, அந்தப் படத்தக் கொஞ்சம் பெரிசு பண்ணிப் பாருங்க."

பெரிசு பண்ணினேன். லிவி நெற்றியில் நீளமாகக் குங்குமம். பின்னால் மணி தொங்குகிறது. மாலை போட்ட சாமி. தட்டில் சூடம் எரிகிறது. கை நீட்டினவன் காணிக்கை போடவில்லை, சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றப்போகிறான்.

அழிக்கத் தெரியாமல் பெனிட்டாவைத் தேடி ஓடினேன். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அவள் வெளியே வருவதற்குள் எங்கள் ஊர் சாலேம்புரம் முழுக்கப் பார்த்தாயிற்று.

ஏப்ரல் 27, சனி

பலகாரத்துக்குப் பச்சரிசி ஊறவைத்து இடித்தேன். ரேஷன் கடையில் சபைச் செயலர் தேவபிச்சை அண்ணாச்சி நின்றார். "என்ன பாக்கியம், கர்னலு பூசாரி ஆயிட்டாராமே? கல்யாணத்துக்குத் தேங்கா அவரே உடச்சிருவாரா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "உங்க மகன் சென்னையில தண்ணி அடிச்சிட்டுப் பாட்டில உடைக்கானே, அதவிடத் தேங்கா நல்லதுதான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அவர் மகனைச் சொன்னது பாவம். மன்னியும்.

ஏப்ரல் 28, ஞாயிறு

முதல் ஓலை வாசித்தார்கள். எங்கள் சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை இருக்கிறவர்கள் தெரிவிக்கலாம் என்று. "கர்னல் லிவிங்ஸ்டன் அவர்களின் மகள் செல்வி பெனிட்டாவுக்கும், ஓய்வுபெற்ற குருவானவர் மரகதராஜ் ஐயர் அவர்களின் மகன் ஆல்வினுக்கும்" என்று உபதேசியார் வாசித்தபோது பெண்கள் பக்கம் தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. நான் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டேன். தடை என்று யாரும் எழும்பவில்லை.

பெனிட்டா என் தோளில் சாய்ந்துகொண்டாள். இரண்டாம் வகுப்பு படிக்கும்போது தாய் செத்துப்போன பிள்ளை. எனக்கும் புருஷன் போய்ப் பிள்ளை இல்லாமல் இருந்தது. லிவி கொண்டுவந்து விட்டுவிட்டு எல்லைக்குப் போனான். அன்று இதே பெஞ்சில்தான் உட்கார்ந்தோம். அப்போது அவள் தலை என் இடுப்பு உயரம்.

ஏப்ரல் 30, செவ்வாய்

பயந்தபடியே ஆயிற்று. மரகதராஜ் ஐயர் பைக்கில் வந்து இறங்கினார். காப்பி வேண்டாம் என்றார். அவர் காப்பி வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை.

"பாக்கியம்மா, படத்தப் பாத்தேன். எனக்குக் கர்னல் மேல கோவம் இல்ல. ஆனா நான் நாப்பது வருஷம் பிரசங்கம் பண்ணுனவன். நாளைக்கு ஒருத்தன் எழும்பி, உங்க சம்பந்தி மட்டும் சூடம் காட்டலாமான்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"அவன் வரட்டும் ஐயா, கேப்போம்" என்றேன்.

"கேக்கது வேண்டாம். சபைக்கு முன்னால நின்னு, தப்பாப் போச்சு, ஆண்டவர் மன்னிச்சாருன்னு ரெண்டு வார்த்த சொல்லட்டும். அவ்வளவுதான். சொல்லலன்னா மூணாம் ஓலைய வாசிக்க வேண்டாம்னு நானே சொல்லிருவேன்."

ரெண்டு வார்த்தைதானே ஆண்டவரே. லிவி பைபிள் வாசிக்காமல் பல் விளக்காதவன். எந்தப் பனியில் இருந்தாலும் ஞாயிறன்று கூப்பிட்டு, இன்று எந்த வசனத்தில் பிரசங்கம் என்று கேட்பவன். அவனுக்கு ரெண்டு வார்த்தை என்ன கஷ்டம்?

ஓலை நின்றால் பெனிட்டா இன்னும் கொஞ்ச நாள் என்னோடு இருப்பாள் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. சும்மா எழுதிவைக்கிறேன்.

மே 2, வியாழன்

லிவி வந்துவிட்டான். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைக் கட்டு, அவ்வளவுதான் கர்னல் சொத்து. வந்ததும் என் மோட்டார் பைப்பில் ஒழுகினதை அடைத்தான். பெனிட்டா செருப்புக்கெல்லாம் பாலிஷ் போட்டு வரிசையாக வைத்தான். "அப்பா, இது ரப்பர் செருப்பு" என்றாள். "ரப்பரா இருந்தா அழுக்கா இருக்கலாமா?" என்கிறான்.

சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அயிரை மீன் குழம்பை அவன் ரசித்துச் சாப்பிட்டதைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை. கை கழுவிவிட்டு அவனே கேட்டான்.

"எக்கா, ஐயர் எங்கிட்ட போன்ல சொல்லிட்டாரு. நீ ஏன் முழுங்கிட்டு இருக்க?"

"அப்ப சொல்லிருவியால?"

"என்னத்த?"

"ரெண்டு வார்த்த."

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கை எப்போதோ காய்ந்துவிட்டது. "யோசிக்கேன்" என்றான்.

மே 3, வெள்ளி

யோசிக்கிறான். நான் ஒன்றும் கேட்கவில்லை. நாலு தடவைதான் கேட்டேன்.

மே 5, ஞாயிறு

இரண்டாம் ஓலை. லிவி ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில், அப்பா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தான். அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவன் பாடினது மட்டும் தனியாகக் கேட்டது. சின்னதிலிருந்தே அவனுக்குச் சுருதி சேராது. அதையாவது நீர் சரி பண்ணியிருக்கலாம்.

வெளியே வந்ததும் தேவபிச்சை அண்ணாச்சி கை கொடுத்தார். "கர்னலுக்கு எந்தக் கோயிலு தோதுப்படும்னு தெரியலியேன்னு பாத்தோம்."

"மழைக்கு ஒழுகாத கோயில் எல்லாம் தோதுப்படும் அண்ணாச்சி. நம்ம கோயில் வடக்குப் பக்கம் ஓடு ரெண்டு விலகியிருக்கு, கவனிச்சீங்களா?" என்றான் லிவி. அண்ணாச்சிதான் கட்டடக் கமிட்டி. அப்புறம் கூரையைத்தான் பார்த்தார்.

மே 6, திங்கள்

முந்திரிக்கொத்து பிடித்தோம். பயறு வறுத்துத் திரித்துப் பாகு காய்ச்சியது நான். உருண்டை பிடித்தது கர்னல். அத்தனையும் ஒரே அளவு, தராசில் வைத்தாலும் தட்டு அசையாது. "மிலிட்டரி முந்திரிக்கொத்து" என்று பெனிட்டா சிரித்தாள். கொஞ்ச நேரம் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது.

நான்தான் கெடுத்தேன். எண்ணெய் காய்கிறபோது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஒம் மக வாழ்க்கை ஒன் நாக்குல இருக்குல. ரெண்டு வார்த்த சொல்லிட்டா ஒன் தலையில இருக்க கிரீடமா விழுந்திரும்?"

அவன் பதில் சொல்வதற்குள் பெனிட்டா எழும்பிவிட்டாள். "அப்பா தப்புன்னு சொன்னாத்தான் எனக்குக் கல்யாணம்னா, எனக்குக் கல்யாணமே வேண்டாம் அத்த. ஆல்வின்கிட்டயும் சொல்லிட்டேன்."

"ஏட்டி, வாயக் கழுவு!"

"ஆல்வினும் அவங்க அப்பாட்ட சண்ட போட்டுட்டு, வேல பாக்குற ஓசூருக்கே போயிட்டாங்க."

"நீங்க ரெண்டு பேரும் சண்ட போட வேண்டாம். இது எனக்கும் ஐயருக்கும் உள்ளது" என்றான் லிவி. சட்டியில் கிடந்தது கருகிவிட்டது. அதைத் தனியாக எடுத்து அவனே தின்றான்.

மே 8, புதன்

இன்று கேட்டேன். திட்டாமல், அழாமல் கேட்டேன். மொட்டை மாடியில் வடகத் துணியின் ஒரு முனையை அவன் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீ அந்தத் தட்ட எதுக்குல எடுத்த?"

சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன் ஆண்டவரே, எனக்கு எல்லாம் விளங்கவில்லை.

பட்டாளத்தில் ஒரு பழக்கமாம். பையன்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்களோ அந்தச் சாமி முன்னால் அவர்களுடைய ஆபீசர் நிற்க வேண்டும். ஆபீசர் எந்த மதமாக இருந்தாலும் சரி. இவன் புதிதாகச் சேர்ந்தபோது, நான் கிறிஸ்தவ வேதக்காரன் என்று கோயிலுக்கு வெளியே பூட்ஸோடு நின்றானாம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உள்ளே நின்ற பையன்கள் பூசை முடிகிறவரைக்கும் திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தார்களாம்.

"அவனுகள மலைமேல ஏறச் சொல்லப்போறவன் நான். குண்டு வருதுன்னா முன்னால போங்கலன்னு சொல்லப்போறவன் நான். சாமி கும்பிடுற எடத்துல மட்டும் நான் வேற, நீங்க வேறன்னு நின்னா எப்படிக்கா பின்னால வருவானுக? நான் காலையில பைபிள் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் டீயக் கையில வச்சிக்கிட்டுக் கூடாரத்துக்கு வெளிய நிப்பானுக. கிறிஸ்மசுக்கு அந்தப் பனியில மூங்கில வளச்சு நட்சத்திரம் கட்டுவானுக. எனக்காகத்தான்."

"சரி, நின்ன. தட்ட ஏன் எடுத்த?"

"பூசை பண்ற பண்டிதருக்கு நெஞ்சுவலின்னு கீழ எறக்கிட்டோம். மறுநாள் ஒரு குரூப் மேல போஸ்ட்டுக்குப் போவணும். ஆரத்தி எடுக்காம போக அவனுகளுக்கு மனசில்ல. முக்காண்டி எம் மொகத்தப் பாத்தாரு. எடுத்தேன்."

போனை எடுத்து அந்தப் போட்டோவைக் காட்டினான். சூடத்துக்குக் கை நீட்டுகிறவனைத் தொட்டான். "இவன் பேரு கதிரேசன். சங்கரன்கோயில் பக்கம். மேல போன ரெண்டாம் வாரம் பனி சரிஞ்சிட்டு."

சவப்பெட்டியோடு லிவியே சங்கரன்கோயிலுக்கு வந்திருக்கிறான். அந்தத் தாய் மற்ற எதையும் கேட்கவில்லையாம். எப்படிச் செத்தான், வலித்ததா, ஒன்றும் இல்லை. "போறதுக்கு முன்னால சாமி கும்பிட்டானா சார்?" என்று மட்டும் கேட்டாளாம்.

"கும்பிட்டான் அம்மா, நான்தான் அவனுக்குத் தட்டு எடுத்தேன்னு சொன்னேன். எங் கையப் புடிச்சிக் கண்ணுல ஒத்திக்கிட்டா. இப்ப நான் கோயில்ல நின்னு அது தப்புன்னு சொன்னா, அந்த அம்மாட்ட நான் சொன்னது என்ன ஆவும்க்கா?"

வடகம் காய்ந்து சுருண்டுகொண்டிருந்தது. எனக்கு உடனே ஐயருக்குப் போன் போட வேண்டும் போல இருந்தது. இதைக் கேட்டால் கல்லும் கரையும். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான்.

"யார்ட்டயும் சொல்லாத. ஐயர்ட்டயும், பெனிட்டாட்டயும். செத்தவன் பேரச் சொல்லி மக கல்யாணத்த வாங்க மாட்டேன்."

"என்னப் போயி வாய மூடுன்னு சொல்லுதியே, ஞாயமால?"

"அதனாலதான் ஒன்ட்ட மட்டும் சொன்னேன்" என்றான். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மே 9, வியாழன்

ரூபவதி வந்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் கத்தரிக்காய் விலையைப் பற்றி மட்டும் பேசினேன். "எக்கா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மே 11, சனி

நாளைக்கு மூன்றாம் ஓலை. நாளைக்குத்தான் எங்கள் சபையில் அப்பமும் திராட்சரசமும் எடுக்கிற திருவிருந்தும். எங்கள் சபையைப் பார்க்கிற சேகரத்து ஐயருக்கு வேறு ஊரில் ஆராதனை இருப்பதால் மரகதராஜ் ஐயரையே திருவிருந்து நடத்தக் கேட்டிருக்கிறார்கள். அவர் இன்று சாயங்காலமே வந்துவிட்டார். இன்றைக்கும் காப்பி குடிக்கவில்லை.

லிவி அவருக்கு நாற்காலி போட்டுவிட்டு நின்றான். உட்காருங்கள் என்று அவர் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான். நான் கதவுக்குப் பின்னால் நின்று வெங்காயம் உரித்தேன்.

"என்ன முடிவு பண்ணிருக்கீங்க சம்பந்தி?"

"தப்புன்னு சொல்ல முடியல ஐயா."

ஐயர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பிறகு சொன்னார்: "எங்க தாத்தா, சாமி கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி தரமாட்டேன்னு ஒரு வார்த்த சொன்னாரு. வீட்டக் கொளுத்தி ஊரவிட்டு வெரட்டுனாங்க. ஒரு பனமரத்தடியில ஓல வேஞ்சாங்க, அதுதான் எங்க சபை. அந்த ஆளு அவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்யமாட்டேன்னத நீங்க லேசாச் செஞ்சிட்டீங்க."

"உங்க தாத்தாவக் கட்டாயப்படுத்துனாங்க ஐயா. என்ன யாரும் கட்டாயப்படுத்தல."

"அது இன்னும் மோசம்லா!"

எனக்கு வெங்காயத்தால் கண்ணீர் வந்தது. இப்போதாவது கதிரேசன் பேரைச் சொல்லுவான் என்று பார்த்தேன். சொல்லவில்லை. நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்து வெங்காயத் தோலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். சிரிக்காதேயும்.

லிவி எழும்பினான். "ஐயா, பட்டாளத்துல ஒரு தீர்ப்பு எனக்குச் சரின்னு படலன்னாலும் தண்டனைய ஏத்துக்குவேன். இங்கயும் அப்படியே செய்யுதேன். என்னத் திருவிருந்துலருந்து நிறுத்தி வையுங்க. கடைசி பெஞ்சுல உக்காந்துக்கிடுதேன். எவ்வளவு நாளுன்னாலும் சரி. தப்புன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க. பிள்ளைங்க கல்யாணத்தையும் நிறுத்தாதீங்க."

ஐயர் அவனை நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒன்றை அவர் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது.

"நிறுத்தி வச்சவரு மகளக் கையப் புடிச்சு ஆல்டருக்குக் கூட்டிட்டு வர முடியாது. தெரியும்லா?"

"தெரியும் ஐயா."

"அக்கா கூட்டிட்டு வரட்டும்."

"சரி ஐயா."

ஐயர் போனதும் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். "மகளோட அந்த நட நடக்கணும்னுதானல லீவு போட்டு வந்த?"

"எத்தன பேரு மக கல்யாணத்தப் பாக்கவே இல்லியேக்கா. நான் பின்னாலருந்தாவது பாப்பேன்" என்றான். பிறகு நாளைக்குப் போட வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டான். என் சேலையையும் போட்டான்.

மே 12, ஞாயிறு

இன்று நடந்தது நல்லதா, கெட்டதா என்று நீர்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை இருக்கிறவர்கள் தெரிவிக்கலாம் என்றார் உபதேசியார். கோயில் முழுக்க ஆல்டர் பக்கம் உட்கார்ந்திருந்த ஐயரைப் பார்த்தது. ஐயர் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். உபதேசியார் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போனார்.

திருவிருந்துக்கு வரிசை வரிசையாக எழும்பினார்கள். லிவி எழும்பவில்லை. வாசலுக்குப் பக்கத்தில், செருப்புகள் கிடக்கிற இடத்துக்கு உள்பக்கமாக, கடைசி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். நடக்க முடியாதவர்கள் உட்காருகிற பெஞ்சு அது. அவன் பக்கத்தில் கண் தெரியாத கிழவி பரிபூரணம் பெரியம்மை மட்டும்தான். ஊர் முழுக்க அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. தேவபிச்சை அண்ணாச்சி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

பெண்கள் வரிசை எழும்பியது. பெனிட்டா என்னை இடித்தாள். "வாங்க அத்த." நான் எழும்பினேன். திடப்படுத்தல் எடுத்து முதல் அப்பம் வாங்கிய நாளிலிருந்து திருவிருந்தைத் தவறவிட்டவள் இல்லை நான். அம்மை போட்டிருந்தபோது மட்டும்தான் போகவில்லை. எழும்பி, ஆல்டர் பக்கம்தான் போகப் பார்த்தேன். கால் வாசல் பக்கம் போயிற்று. கால் போனதற்கு நான் பொறுப்பில்லை ஆண்டவரே. யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னக்கா இது? போ" என்றான் மெதுவாக. நான் அவனுக்குப் பதில் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

எங்கள் சபையில் வழக்கம் என்னவென்றால், எல்லாரும் எடுத்து முடிந்த பிறகு, நடக்க முடியாதவர்களுக்குக் குருவானவரே கீழே இறங்கிக் கொண்டுவந்து கொடுப்பார். இன்றைய பரபரப்பில் இது யாருக்கும் ஞாபகம் இல்லை. ஐயருக்கும் ஞாபகம் இருந்ததா தெரியவில்லை. அப்பத் தட்டை உபதேசியார் பிடித்துவர, திராட்சரசப் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஐயர் நடுவழியே நேராக எங்கள் பெஞ்சுக்கு வந்தார்.

பெரியம்மைக்கு அப்பம் கொடுத்தார். பாத்திரத்தை நீட்டினார். அவளுக்குக் கை ஆடிற்று, பாத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் காற்றைத் துழாவினாள். லிவிதான் அவள் கையைப் பிடித்துப் பாத்திரத்தில் கொண்டுபோய் வைத்தான். அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தான். பாத்திரத்தை அவன் தொடவில்லை. அவள் மணிக்கட்டைத்தான் பிடித்திருந்தான். ஐயர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்தது லிவி. ஐயர் நின்றார். போகவில்லை. லிவி இரண்டு கையையும் மடக்கி முழங்காலில் வைத்துக்கொண்டான். "நிறுத்தி வச்சிருக்கவன் ஐயா நான்" என்றான். ரொம்ப மெதுவாகத்தான். ஆனால் கோயில் முழுக்கக் கேட்டது.

ஐயர் என்னிடம் வந்தார். அப்பத்தை நீட்டினார். கதிரேசன், கதிரேசன் என்று நாக்கு நுனியில் வந்து நின்றது. வாயைத் திறந்தால் அந்தப் பேர்தான் வரும் என்று தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டேன்.

ஐயர் திரும்பிப் போனார். மிச்சம் இருக்கிறதைக் குருவானவர்தான் முழுக்க எடுத்துத் தீர்க்க வேண்டும். அவர் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி ரொம்ப நேரம் நின்றார். உபதேசியார் இரண்டு தடவை பாட்டு நம்பரைச் சொன்னார்.

ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வந்தார். வெயிலில் நடந்தே வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்:

"சம்பந்தி, வியாழக்கிழம கல்யாணத்துக்குப் பொண்ண நீங்களே கூட்டிட்டு வாங்க."

"நான் தப்புன்னு சொல்லலியே ஐயா."

"நான் இப்பக் கேக்கலியே."

ஐயர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "எனக்கு இன்னும் அது சரின்னு படல. சாவுற வரைக்கும் படாது. ஆனா நான் ஊழியம் பாத்த காலத்துல எத்தன பேர நிறுத்தி வச்சிருக்கேன். ஒருத்தன் கல்ல விட்டு எறிஞ்சான், ஒருத்தன் கோர்ட்டுக்குப் போனான், ஒருத்தன் எதித்தாப்புல தனிச் சபையே ஆரம்பிச்சிட்டான். கடைசி பெஞ்சுல உக்காந்தவன இன்னைக்குத்தான் பாத்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன் எடுக்கல பாக்கியம்மா? நீங்க என்ன தப்பு பண்ணுனீங்க?"

எவ்வளவோ இருந்தது சொல்ல. "காப்பி போடட்டுமா ஐயா?" என்று கேட்டேன்.

"போடுங்க. சீனி தூக்கலா" என்றார்.

மே 13, திங்கள்

ஆல்வின் ஓசூரிலிருந்து வந்துவிட்டான். வடக்குப் பக்கத்து ஓட்டைத் தேவபிச்சை அண்ணாச்சி ஆள் வைத்துச் சரி பண்ணுகிறார். ரூபவதி குரூப்பில் அந்தப் போட்டோவை எப்படி அழிப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். நாளாகிவிட்டால் எல்லார் போனிலிருந்தும் அழியாதாம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மே 16, வியாழன்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஸ்தோத்திரம்.

லிவி பச்சை யூனிபாரத்தில், நெஞ்சு நிறைய மெடலோடு, பெனிட்டா கையைத் தன் கைக்குள் கோர்த்துக்கொண்டு வந்தான். பட்டாள நடை நடந்துவிடுவானோ என்று பயந்தேன். இல்லை, அவள் சேலை தடுக்காதபடி அவளுக்கு ஏற்றபடி நடந்தான். கோவில்பட்டி முக்காண்டி நெற்றி நிறையத் திருநீறோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முன்னால் வாங்க என்று ஐயரே போய்க் கூப்பிட்டார். கூடவே ஒரு வயசான அம்மாள், கொசுவம் வைத்த நூல் சேலை, யாரோடும் பேசவில்லை. சங்கரன்கோயில் பக்கம் என்றார்கள். லிவி அவர்களைச் சாப்பாட்டுப் பந்தியில் தானே உட்காரவைத்துப் பரிமாறினான். நான் கிட்டப் போய்த் தண்ணீர் ஊற்றினேன். அவர்கள் என் கையைப் பிடித்து, "தம்பியோட அக்காவா?" என்றார்கள். ஆமா என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

பெனிட்டா காரில் ஏறும்போது அழவில்லை. நானும் அழவில்லை. வீட்டுக்குள் வந்து மூன்று பேருக்குப் போதுமான அரிசி போட்டேன். ஒரு ஆள் அளவு கூடிப்போய்விட்டது. பழக்கம்தான், வேறொன்றும் இல்லை. லிவி முற்றத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறான், ஒன்றுக்குள் ஒன்று நேராக. ரிட்டயர்டு ஆனதும் இங்கேயே வந்துவிடுகிறேன் என்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனாகத்தான் சொன்னான்.

முடிக்கலாம் என்று பார்த்தேன். இப்போதுதான் ஒன்று ஞாபகம் வருகிறது ஆண்டவரே. இத்தனை நாள் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. லிவி முதல் முதலாகப் பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்று, அப்பாவுக்குக் காய்ச்சல் என்று நான்தான் பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் ஸ்டாப்பில் பூ விற்கிற இசக்கியம்மாள் இவன் பெட்டியைப் பார்த்துவிட்டு எங்கே போகிறான் என்று கேட்டாள். சொன்னேன். ஓடிப்போய் எதிர்க்கோயிலிலிருந்து திருநீறு அள்ளிவந்து, "நல்லாத் திரும்பி வரணும் ராசா" என்று அவன் நெற்றி முழுக்கப் பூசிவிட்டாள். அவன் குனிந்து கொடுத்தான். நான் துடைத்துவிட முந்தானையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அதோடுதான் போனான்.